ஃபாரின் செட்டுக்காரர்

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முந்திக்கொண்டிருக்க, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஹலோ... இப்ப கேக்குதா?" என்று ஒருவர் தெருவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்தான் ஃபாரின் செட்டுக்காரர். கையில் இருப்பது நியூ ஜெர்சி மச்சினன் பெட்டியில், பாதாம் பொட்டலத்துக்கும் வைட்டமின் டப்பாவுக்கும் நடுவே சாக்ஸுக்குள் சுருண்டு வந்த போன். "டவர் இல்லையாண்ணே?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அன்லாக்டு செட்டு தம்பி. எந்த சிம் போட்டாலும் எடுக்கும்." ஊர் இவருக்கு சீன் பார்ட்டி என்று பட்டம் கட்டிவிட்டது. கொஞ்சம் கறாரானவர்கள் கஞ்சன் என்பார்கள். இரண்டும் பொருந்தாது என்பது என் கட்சி. சீன் போடுகிறவனுக்கு நாலு பேர் நடுவே போன் அடிக்க வேண்டும். இவர் போன் அடிப்பதே இல்லை. கஞ்சன் என்றால், விலையில் மிச்சம் பிடித்ததை மச்சினன் வீட்டுக்கு அனுப்பிய வடகம், ஊறுகாய், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, அமெரிக்கத் தட்டைப் பின் சார்ஜர் நம்மூர் பிளக்கில் ஆடாமல் நிற்க வாங்கிய அடாப்டர் என்று எப்போதோ செலவழித்துத் தீர்த்திருப்பாரா? இவர் ஒரு சொல்லை நம்பிக் கெட்டவர். அந்தச் சொல் அன்லாக்டு.

அந்தச் சொல் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் செல்போன் கம்பெனிகள் தவணைக்குப் போனைக் கொடுத்து, தங்கள் சிம்மைத் தவிர வேறொன்று போட்டால் வேலை செய்யாதபடி பூட்டி வைப்பது வழக்கம். அந்தப் பூட்டு இல்லை, அவ்வளவுதான் அன்லாக்டு. முதல் ஐபோன் 2007 ஜூனில் வந்தபோது ஏ.டி. அண்டு டி. என்ற ஒரே கம்பெனிக்குப் பூட்டியே வந்தது. இரண்டே மாதத்தில், அதே நியூ ஜெர்சியில், 17 வயதுப் பையன் ஒருவன் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டான். திறந்த போன் ஏறக்குறைய உலகம் முழுக்கப் பேசியது. ஏனென்றால் அது 2ஜி போன்; 850, 900, 1800, 1900 என்று நாலு அலைவரிசையும் உள்ளேயே இருந்தன. வழியில் நின்றது பூட்டு ஒன்றுதான். முறைப்படி ஐபோன் இங்கே விற்பனைக்கு வந்தது 2008 ஆகஸ்டில். அதற்கு முன்பு இங்கே கையில் ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு அன்லாக் என்பது மந்திரச் சொல். நம்மவர் அந்தக் காலத்து மாணவர். அவர் படித்த பாடம் சரிதான், சிலபஸ் மாறிவிட்டது.

4ஜி வந்ததும் ஒவ்வொரு நாடும் தனக்குத் தோதான அலைவரிசைகளை எடுத்துக்கொண்டது. பேண்டு என்று நம்பர் போட்டுச் சொல்வார்கள். அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66 என்று ஓடும். இங்கே 1, 3, 5, 8, 40, 41. ஆகவே வெளிநாட்டுப் போனுக்கும் உள்ளூர் சிம்முக்கும் ஜாதகம் பார்த்தாக வேண்டும். 2014-ல் வந்த ஐபோன் 6-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பரவலாக விற்றது ஏ1549. இங்கே விற்றது ஏ1586. பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் முன்னதில் 40-ம் பேண்டு கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது 3, 5, 40 என்ற மூன்று பேண்டுகளில். ஏ1549-க்கு மூன்றில் நெற்றிக்கண் மூடியே இருந்தது. பேண்டு எல்லாம் பொருந்தினாலும் ரஜ்ஜு தட்டும் இடம் ஒன்று உண்டு: வோல்ட்இ. ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அன்று பேச்சும் 4ஜி வழியேதான் போக வேண்டும். போனுக்குள் இருக்கும் மென்பொருளில் அதற்கு ஏற்பாடு இல்லையென்றால் சினிமா ஓடும், கிரிக்கெட் ஓடும், ஒரு "ஹலோ" மட்டும் போகாது. அப்படிப்பட்ட போன்களுக்காகவே ஜியோ தனியாக ஒரு ஆப் விட்டது. போனில் போன் பேச ஒரு ஆப்! நம்மவர் அதையும் இறக்கி, இன்டர்நெட் செட்டிங்கில் ஏபிஎன் என்ற பெட்டியில் ஜியோநெட் என்று எழுத்தெழுத்தாக அடித்து, ரீஸ்டார்ட் செய்து, நெட்வொர்க்கை கையால் தேர்ந்தெடுத்து, மறுபடி ரீஸ்டார்ட் செய்து, கடைசியில் எந்த ஷோரூம் பையனும் எதிரே நிற்க முடியாத அளவுக்கு விஷயம் தெரிந்தவராகிவிடுவார். ஸ்டார் ஹாஷ் சைபர் ஆறு ஹாஷ் அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் அவருக்கு மனப்பாடம். மனைவியின் செல் நம்பர் தெரியாது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது வரும் போன்களில் எல்லா நாட்டுப் பேண்டும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் ஃபாரின் செட்டுக்காரர் ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவில் போய் முட்டும் ராசிக்காரர். ஐபோன் 14 வந்த 2022-லிருந்து அமெரிக்காவில் விற்கும் புது மாடல் ஐபோனில் சிம் போடும் ஓட்டையே இல்லை, எல்லாம் இ-சிம். சிம் ட்ரே திறக்கும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போனின் நாலு பக்கமும் தடவிப் பார்ப்பதைக் கண்டால் கல்லும் கரையும். முதலில் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார். பிறகு கழற்றிப் பார்ப்பார். ஸ்பீக்கர் துளையில் ஊசியை விடப்போகும்போது பையன் பாய்ந்து பிடுங்குவான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐபோன்கள் இப்போது ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராகி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகின்றன. ஆக, தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பிறந்த போன், கடல் தாண்டிப் போய், சிம் ஓட்டை இல்லாமல், சாக்ஸுக்குள் ஒளிந்து தாம்பரத்துக்கே திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. அப்போதும் அது ஃபாரின் செட்டுதான்.

இவ்வளவு பட்ட பிறகு தலைமுழுகிவிட்டு இங்கேயே ஒன்று வாங்கக் கூடாதா என்பீர்கள். வாங்கலாம். ஆனால் கொடுத்தது மனைவியின் தம்பி. "டவர் எடுக்கலை" என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் அது போனைப் பற்றிய புகாராகப் பதிவாகாது. அதனால்தான் குறையை நெட்வொர்க் மேலும், மழை மேலும், மண்டபத்துச் சுவர் மேலும் போட்டுவிட்டு அவர் ஜன்னலோரம் நிற்கிறார். தம்பியின் பாசத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை உள்ள அந்த அம்மாள் மட்டும் தனக்கு ஒரு செட்டைத் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொண்டார். ஆகவே, ஃபாரின் செட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று கேட்டால் பதற வேண்டாம். ஆள் வீட்டு மொட்டை மாடியில்தான் இருப்பார். அவசரம் என்றால் அந்த அம்மாள் நம்பருக்குப் போடுங்கள், முதல் ரிங்கிலேயே எடுப்பார்.