கோழி அண்ணாச்சி

தூத்துக்குடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கோழி அண்ணாச்சி இருப்பார். துறைமுகத்திலோ உப்புக் கம்பெனியிலோ பேங்கிலோ காலமெல்லாம் உழைத்து ரிட்டயர் ஆகி, பிள்ளைகளைச் சென்னைக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு, அதட்ட ஆளில்லாமல் தவிப்பவர். “அடுப்படிப் பக்கம் வந்து யோசனை சொல்லாதீங்க” என்று வீட்டம்மா கறாராகச் சொன்ன மறு வாரம், சந்தையிலிருந்து நாலு வெடக்கோழிகள் வந்து இறங்கும். முதல் மாசம் முழுக்கப் பேத்திகளைப் பற்றிப் பேசுவது போல அவற்றின் பெருமைதான். முதல் முட்டையின் படம் துபாய் வரைக்கும் போகும். அதுவரை அவர் வெறும் கோழி வளர்ப்பவர். “தம்பி, இந்தக் கோழிக்குப் புத்தி சரியில்ல” என்று என்றைக்கு வாய் திறக்கிறாரோ, அன்றைக்குத்தான் கோழி அண்ணாச்சி.

எங்கள் டூவிபுரத்து அண்ணாச்சி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போடுவது வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஆக அஞ்சு. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்த 2011-ல் அவர் சர்வீஸில்தான் இருந்தார். ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது என்பதுதான் அதைப் பற்றி அவருக்கு இன்றும் ஞாபகம். அந்தக் கை சும்மா இருக்குமா? கோழிக்கும் நோட்டு போட்டார். எடுத்த தேதியை முட்டை மேலேயே பென்சிலால் எழுதினார். கறுப்பி, சாம்பல், பொட்டுக்காரி, செவலை என்று நாலு பெயருக்கும் தனித்தனிக் கட்டம்.

ஒரு சித்திரை மாசம் கணக்கு இடித்தது. கொக்கரிப்பு கேட்கிறது, முட்டை இல்லை. “ஷார்ட் லேண்டிங்” என்றார் அண்ணாச்சி. முதலில் சந்தேகப்பட்டது கீரியை, அடுத்து பால்காரரை. கடைசியில் துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையும் களவுமாகப் பிடித்தது செவலையை. தான் இட்ட முட்டையைத் தானே கொத்தி உடைத்து, மஞ்சள் கருவை அலகில் ஒழுகவிட்டுக்கொண்டு நின்றது. கொஞ்சமாவது வெட்கப்பட்டிருந்தால் அண்ணாச்சி மன்னித்திருப்பார். அது வாயைத் தரையில் தேய்த்துத் துடைத்துவிட்டு, அடுத்த முட்டை எங்கே என்று பார்த்தது.

இந்த இடத்தில் கோழியின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அந்த ஓட்டைக் கட்டி முடிக்கக் கோழிக்குக் கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகிறது. தீவனத்தில் கிடைக்கவில்லையென்றால் தன் எலும்பிலிருந்தே கடன் வாங்கிக் கட்டும். எங்கள் ஊர் வெயிலில் வேறு, வாயைப் பிளந்து இளைத்து இளைத்து ரத்தத்தின் தன்மையே மாறி, ஓடு காகிதமாகிவிடும். அப்படி ஒரு முட்டை தானாக உடைகிறது. கோழி ருசி பார்க்கிறது. பிறகு உடையட்டும் என்று காத்திருக்காது.

‘ஓடு மெலிந்தால் முட்டை ஓட்டையே தீவனத்தில் சேர்க்கலாம்’ என்று அண்ணாச்சியும் எங்கோ படித்திருந்தார். சரியான யோசனைதான். எங்கள் ஊர் மக்ரூனுக்கு வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தான் உயிர் என்பதால், பேக்கரிகளில் முட்டை ஓட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு சாக்கு அள்ளி வந்தார். காய வைத்து, வறுத்து, பொடித்துப் போட வேண்டும் என்பது அதே பக்கத்தின் அடுத்த வரி. அதற்குள் அவர் வீட்டம்மா, எங்கள் மதினி, காப்பிக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாதி பாதி ஓட்டை, வெள்ளைக்கரு ஈரம் காயாமல், அப்படியே முற்றத்தில் வீசினார். முட்டை வடிவத்தில் இருப்பதெல்லாம் சாப்பாடு என்று கோழிகளுக்குப் பாடம் எடுத்தவர் இவர்தான். ஆனால் சார்ஜ் ஷீட் செவலைக்குப் போனது.

தண்டனைக்கு அண்ணாச்சி தேர்ந்தெடுத்தது மிளகாய்ப்பொடி. முட்டையில் ஓட்டை போட்டு, கருவை ஊதி வெளியேற்றி, மதினி ஊறுகாய்க்கு வைத்திருந்த வற்றல் பொடியைத் திணித்து, மைதாப் பசையால் அடைத்துக் கூட்டில் வைத்தார். திணிக்கும்போது அவர் போட்ட தும்மல் நாலு வீட்டுக்குக் கேட்டது. செவலை வந்தது, கொத்தியது, தின்றது. சுற்றிச் சிந்தியதையும் பொறுக்கியது. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. மிளகாய் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. உறைப்பைத் தரும் காப்சைசினைக் கண்டால் ‘எரியுதே’ என்று மூளைக்குக் கோள் சொல்லும் ஏற்பாடு நமக்கு உண்டு, கோழிக்குக் கிடையாது. மிளகாய்ச் செடி தன் விதையைப் பரப்பப் பறவையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டதே இதனால்தான். “நெஞ்சழுத்தம் தம்பி, நெஞ்சழுத்தம்!” என்றார் அண்ணாச்சி. கண்ணிலிருந்து அவருக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்தவை பீங்கான் முட்டைகள். இது நல்ல வைத்தியம். கொத்திக் கொத்திப் பார்க்கும், ஒன்றும் வராது, அலுத்துப்போய் விட்டுவிடும். ஒன்றிரண்டு போதும். அண்ணாச்சி வரவழைத்தது ஒரு டஜன். பாக்கெட் பிரித்தாச்சு, திருப்பி எடுக்கமாட்டான் என்று பன்னிரண்டையும் கூட்டில் அடுக்கினார். செவலை முட்டை தின்பதை நிறுத்தியது நிஜம். ஆனால் நாட்டுக்கோழிக்கு இப்படி ஒரு குவியல் கண்ணில் பட்டால் வேறொரு ஞாபகம் வரும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் ‘கொர்ர்’ரென்று உறுமிக்கொண்டு, பீங்கான் மேல் அடை கிடந்துவிட்டது. அடைக் காலம் 21 நாள். பீங்கான் பொரிக்காது என்று அதற்கு யார் சொல்வது?

அடை தெளிவிக்க நம் பக்கத்தில் பழைய முறைகள் உண்டு. தண்ணீரில் முக்குவார்கள். மூக்கில் இறகைச் செருகுவார்கள். இரண்டாவதை நாட்டு வைத்தியம் என்று பெருமைப்பட எனக்கு மனசு வரவில்லை, மதினிக்கும் வரவில்லை. “அது மூக்குல செருகுனா, நான் உங்க மூக்குல செருகுவேன்” என்று சொல்லிவிட்டார். ஆகவே அண்ணாச்சி இலாகா முறைக்குத் திரும்பினார். ஓட்டை போட்ட மீன் பெட்டி ஒன்றைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மெத்தென்று எதுவும் போடாமல், செவலையை உள்ளே தள்ளி, மேலே கம்பிவலை கட்டினார். அடிவயிற்றுக்குக் கீழே காற்றோடினால் சூடு தணிந்து மூணு நாலு நாளில் அடை தெளியும். இது மட்டும் முழுக்கச் சரியாகச் செய்த காரியம். கெடுத்தது தீவனத்தில். சஸ்பென்ஷனில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியம் என்ற ரூல்படி, செவலைக்குப் பாதிக் கம்பு. மீதிப் பாதியை மதினி மத்தியானம் அவர் தூங்கும்போது போட்டுவந்தார்.

சஸ்பென்ஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியவருக்கு நாற்காலி இருக்காது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாத விஷயமா? கோழிகளுக்குள்ளும் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே சின்ன வயசிலிருந்து கோழிகளைப் பார்த்துப் பார்த்து, 1921-ல் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார். பிரித்துவைத்த கோழி திரும்பினால் வரிசையில் தன் இடத்துக்கு மறுபடி மல்லுக்கட்ட வேண்டி வரலாம். மீன் வாடையோடு திரும்பிய செவலையின் முதுகு இறகைக் கறுப்பி பிடுங்கியது. ரத்தம் தெரிந்ததும் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. நெருக்கடி, வெக்கை, புரதக் குறைவு, உப்புக் குறைவு என்று இதற்குக் காரணங்கள் பல. உப்பளங்களுக்கு நடுவில் உப்புக் குறைவா என்று கேட்கக் கூடாது. கருவாட்டுத் தூளை அள்ளிக் கொட்டி உப்பு மிஞ்சினாலும் ஆபத்துதான்.

அண்ணாச்சி கண்டுபிடித்தது மூக்குக் கண்ணாடி. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 1903-லேயே கோழிக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பிறகு சிவப்புக் கண்ணாடி வந்தது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது, கொத்தமாட்டாது என்ற கணக்கு. கோழிக்குக் கான்டாக்ட் லென்ஸ் விற்க முயன்ற ஒரு கம்பெனியின் கதையை ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமாகவே வைத்தார்கள். மருமகன் இதையெல்லாம் அனுப்பிவைக்க, அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே போய்விட்டார். “பவர் வேண்டாம், சிவப்பு மட்டும் போதும், நாலு செட்டு” என்றாராம். “யாருக்கு?” என்று கேட்ட பையனிடம், “வீட்ல உள்ளதுகளுக்கு” என்று சொல்லியிருக்கிறார். விஷயம் மதினி காதுக்கு எட்டி, அன்றைக்கு ராத்திரி வீட்டில் தோசை இல்லை.

இதற்குள் செவலை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. சுவர் தாண்டிப் பக்கத்து ஆச்சி வீட்டுக்குப் போனது. அங்கே விறகுக் கட்டுக்குப் பின்னால் இருட்டான மூலை. முட்டையிடக் கோழி தேடுவது அப்படி ஓர் இடத்தைத்தான். பக்கத்தில், வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு சுடலாம் என்று என்றோ வாங்கி, சாக்குக் கிழிந்து சிதறிக் கிடந்த கிளிஞ்சல். முத்துக்குளிப்பு நடந்த ஊரில் சிப்பிக்கு என்ன மதிப்பு? கடைசியாகப் பெரிய குளிப்பு நடந்த 1961 வரைக்கும், சிப்பியைக் கொட்டில் குவித்து அழுகவிட்டு, முத்தை எடுத்துக்கொண்டு ஓட்டைத் தள்ளிவிடுவார்கள். 1973-ல் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டியபோதும் பேச்சு முத்தைப் பற்றித்தான். முத்தும் கால்சியம் கார்பனேட், முட்டை ஓடும் அதே கால்சியம் கார்பனேட். பாண்டியரும் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டது முத்தை. செவலைக்கு வேண்டியிருந்தது நொறுங்கின ஓடு, இரண்டு வாய்.

ஆச்சி வீட்டு முட்டைகள் கல்லாட்டம் இருந்தன. ஒன்றைக்கூடச் செவலை கொத்தவில்லை. செய்தி தெரிந்ததும் அண்ணாச்சி நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

“ஆச்சி, கோழி என்னது. முட்டையும் என்னதுதான்.”

“எடுத்துக்கிடு தம்பி, நான் வேண்டாம்னா சொல்லுதேன்? ஆனா எத்தன நாளா எங்க வளவுல கெடக்கு? டெமரேஜ் கட்டிட்டு எடுத்துக்கிடு.”

ஆச்சியின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை கிளியரிங் ஏஜெண்டு ஆபீஸில் வேலை பார்த்தவர். இதை அண்ணாச்சி யோசிக்காமல் போனதுதான் பிசகு. வேறு யார் கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார். டெமரேஜ் என்ற சொல்லுக்கு எதிராக அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. வாடகையில்லாமல் விட்டுவைக்கும் ஃப்ரீ டேய்ஸைத் தாண்டித் துறைமுகத்தில் சரக்கு கிடந்தால் வாடகை உண்டு. அதை மறுத்தால் தன் சர்வீஸையே மறுத்த மாதிரி. சுவரோரமாக நின்று நோட்டைப் புரட்டினார். செவலை என்றைக்கு இறங்கியது, எத்தனை முட்டை, எத்தனை நாள் என்று விரல் விட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தம்பி, ஃப்ரீ டேய்ஸ் கணக்குல ஞாயித்துக்கிழமையச் சேக்கக் கூடாதுல்லா?”