கட்டாய நீக்கப் பெருமானின் மெய்க்கீர்த்தி

லினக்ஸ் கெர்னலின் மணிமுடி தரித்தவரும், எண்ணிப் பார்த்தல் என்னும் சிறுமையை வேரோடு களைந்தவரும், பொறுமை என்னும் பகையைப் புறமுதுகிடச் செய்தவருமாகிய மாட்யூல்களைக் கட்டாயமாகக் கழற்றும் கட்டளையாம் 'ஆர்எம்மாட் -எஃப்' பெருமானார் பல்லாண்டு வாழ்க! மாண்ட்ரியலின் மேற்குப் புறநகராம் கர்க்லாண்டிலிருந்து அடியேன் இந்த மெய்க்கீர்த்தியைத் திருவடிகளில் சமர்ப்பிக்கிறேன்.

பெருமான் அவதரிக்காவிட்டால் நம் கதி என்ன? ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஒரு மாட்யூலைச் சேர்க்கலாம், கழற்றலாம். கழற்றும்முன் அதை வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க ரெஃபரன்ஸ் கவுண்ட் என்றொரு கணக்கு வைத்தார்கள். தேவைப்படுபவர் 'டிரை மாட்யூல் கெட்' என்று விண்ணப்பிக்க வேண்டுமாம். மாட்யூல் ஏற்கெனவே வெளியேறும் தறுவாயில் இருந்தால் மறுப்பு வருமாம். கேட்டவர் ஒதுங்கிவிட வேண்டுமாம். கிடைத்தால், வேலை முடிந்ததும் 'மாட்யூல் புட்' என்று திருப்பித் தர வேண்டுமாம். எத்தனை கூழைக்கும்பிடு!

ஓடும் கெர்னலுக்குள் புரோப் போட்டு ஆராய உதவும் கேப்ரோப்ஸ் வசதியைச் செய்தவர்களும் இந்தக் கோழைத்தனத்தை விடவில்லை. இந்தியாவிலிருந்த ஐபிஎம் பொறியாளர்களும் சேர்ந்து உழைத்து, 2004-இல் 2.6.9 பதிப்பில் அந்த வசதியைக் கெர்னலில் சேர்த்தார்கள். எக்ஸ்86 பிராசசரில், ஆராய வேண்டிய கட்டளையின் முதல் பைட்டைப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் 'சிசி' என்ற ஒற்றை பைட்டை எழுதுவார்கள். பிராசசர் அங்கே வந்ததும் தடுக்கி நிற்கும். புரோப்பின் ஹேண்ட்லர் ஓடும். ஒரு பைட்டை எழுதுவதற்கு இன்று நடக்கும் சடங்கைப் பாருங்கள்: முகவரி மாட்யூலுக்குள் இருந்தால் பதிவு முடியும்வரை அந்த மாட்யூலைப் பிடித்துக்கொள்வது, அந்த முகவரி மாட்யூலின் தொடக்கப் பகுதியில் இருந்து, அப்பகுதியின் மெமரி விடுவிக்கப்பட்டிருந்தால் பதிவையே மறுப்பது, மாட்யூல் கிளம்பும் செய்தி வந்தால் அதிலுள்ள புரோப்பைப் 'போய்விட்டது' என்று குறித்து வைப்பது. பெருமான் இவற்றைக் கேட்டால் திருவாய் மலர்ந்து சிரிப்பார்.

எங்கள் ஊரும் இதே பாவத்தைச் செய்திருக்கிறது. மவுண்ட் ராயல் சரிவில் இருக்கும் பாலிடெக்னிக் மாண்ட்ரியலில் எல்டிடிஎன்ஜி என்ற டிரேசரை வளர்த்த மத்தியு தெனுவாயே, 2008 டிசம்பரில் வந்த 2.6.28 பதிப்பில், புரோப்பை மாட்ட கெர்னல் கோடிலேயே இடம் குறித்து வைக்கும் டிரேஸ்பாயின்ட்களைக் கொண்டுவந்தார். புரோப்பைக் கழற்றிய பிறகும், அதற்குள் நுழைந்துவிட்ட ஒவ்வொரு சிபியூவும் வெளியே வரும்வரை காத்திருந்து, பிறகே அந்த ஹேண்ட்லர் இருக்கும் மாட்யூலை அகற்ற வேண்டும் என்பது அங்கே விதி. காத்திருப்பு பெரும்பாலும் மில்லி செகண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் மாவீரர்களின் மில்லி செகண்டுகள் விலைமதிப்பற்றவை அல்லவா!

பெருமான் காத்திருப்பதில்லை, இதுவே அவருடைய தனிப்பெருங்கருணை. ஹேண்ட்லருக்குள் ஒரு சிபியூ பாதி வழியில் நிற்கும். ஸ்டாக்கில் அது திரும்ப வேண்டிய முகவரி இருக்கும். அந்த முகவரியின் மெமரியைப் பெருமான் எடுத்து, கேட்ட அடுத்தவருக்குத் தானம் செய்துவிடுவார். திரும்பி வரும் சிபியூ வெறுவெளியில் கால் வைக்கும். அல்லது வேறொருவர் வீட்டுக்குள் நுழையும். சிறு தாமதம் ஒன்றைக் கண்டுபிடிக்கப் புரோப் போட்ட பொறியாளருக்கு முழு சர்வரின் மரணத்தையே பரிசளிக்கும் கொடை, கர்ணனுக்கும் வாய்த்ததில்லை.

அதன்பின் வரும் ஊப்ஸ் என்னும் கெர்னல் பிழைச் செய்தியை ஒரு காவியமாகவே படிக்க வேண்டும். மாட்யூல் போய்விட்டதால், அதன் ஃபங்ஷன் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பதினறும எண்கள் அணிவகுக்கும். அர்த்தம் தேடும் தொல்லை இரவுப்பணிக்காரருக்கு மிச்சம். கடைசியாக நீக்கப்பட்ட மாட்யூலின் பெயர் ஓரமாக அச்சாகும். கெர்னலின் களங்கக் குறிகளாகிய டெயின்ட் வரிசையில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து நிற்கும். தம் செயலுக்குப் பெருமான் இட்ட கையொப்பம் அது. மெஷினை மறுபடி பூட் செய்யும்வரை எவராலும் அழிக்க முடியாது.

பொறாமைக்காரர்கள் எங்கேதான் இல்லை? கெர்னலைக் கம்பைல் செய்யும்போது பெருமானுக்கு இடமளிக்கும் விருப்பத்தேர்வின் கீழ், இது கெர்னல் எழுதுகிறவர்களுக்கும் வேறு வழியற்றுத் தவிப்போருக்கும் உரியது என்றும், நிச்சயமில்லையென்றால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குப் பக்தியின் இயல்பு தெரியாது. பெருமானின் சந்நிதிக்கு வந்தவர்களில் நிச்சயமில்லாதவரை அடியேன் இதுவரை கண்டதில்லை.