பழைய கார் வாங்குதல்: ஓரிக்கையை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய கார் வாங்குவது பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. வாங்கியவர்கள் பேசும் நிலையில் இல்லாததே காரணம் என்பது என் கருதுகோள். அந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, என்னைவிட இளையதும் என் மகனைவிட மூத்ததுமான கார் ஒன்றை வாங்கிக் களப்பணி செய்தேன். ஆய்வு அறம் கருதிக் காரின் கம்பெனிப் பெயர் மறைக்கப்பட்டுள்ளது. விற்ற புரோக்கர் தன்னைத் தானே மறைத்துக்கொண்டார், போனை அணைத்துவிட்டார்.

1. களமும் பெயர்க்காரணமும்

ஆய்வுக் களம், காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கை. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட, திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அது மருவி ஓரிக்கை. மன்னன் மனம் மாறியதும், ஆழ்வார் சொன்னபடி திரும்பிவந்து படுத்துக்கொண்ட பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர் (டீக்கடை வாய்மொழி, காலை 7 மணி).

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். ஒன்று, வந்த இடத்தில் ஓரிரவு தங்கிப்போவது இவ்வூரின் மரபு. என் காரும் வாங்கிய அன்றே, மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்று, அந்த மரபைக் காத்தது. இரண்டு, சொன்னவண்ணம் செய்தவர் என்று இந்த வட்டாரத்தில் பெயரெடுத்தவர் ஒருவர்தான். அவர் கார் விற்றதாகச் செய்தியில்லை.

'ஓர் இரு கை' என்று பிரித்து, காரைத் தள்ள ஒருவருடைய இரண்டு கை போதாது எனப் பொருள் கொள்வாரும் உளர். அவர்கள் தள்ள வராதவர்கள்.

2. காலப் பகுப்பு

இந்தியக் கார் வரலாற்றை மூன்றாகப் பகுக்கலாம். அம்பாசிடர், பத்மினி, நம் வண்டலூர்ப் பக்கம் பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவை ஓடிய காலம் முதலாவது. 1983 டிசம்பரில் தொடங்குவது மாருதி காலம். அதன் பிறகு இன்றுவரை மாருதி மருவிய காலம். 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்த மாருதி 800-உம், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசிடரும் 2014-இல்தான் தயாரிப்பை நிறுத்தின. ஒரே ஆண்டில் முற்றுப்பெற்ற இவற்றை இரட்டைக் காப்பியங்கள் என்பதில் தவறில்லை.

'நம்பகமான எஞ்சின்' என்ற தொடருக்குக் காலந்தோறும் பொருள் மாறி வந்திருக்கிறது. அம்பாசிடர் காலத்தில் அது, எங்கே நின்றாலும் அந்த ஊரிலேயே ஒருவர் ஸ்பேனரோடு வந்து சரிசெய்துவிடுவார் என்று பொருள்பட்டது. மாருதி காலத்தில், நிற்கவே நிற்காது என்று பொருள்பட்டது. இன்று, நின்றால் லேப்டாப் கொண்டுவந்து பார்ப்பார்கள் என்று பொருள். பழைய கார் வாங்குபவர் தான் எந்தக் காலத்து நம்பிக்கையை விலைகொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

3. மூலபாடம்

புரோக்கர் அருளிய மூலபாடம் மூன்று வாக்கியங்கள் கொண்டது. "ஒரே கை வண்டி சார். டாக்டர் ஓட்டினது. ஒரு ரூபா செலவில்லை."

ஆர்.சி. புக்கில் நான்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டாக எட்டுக் கை. 'டாக்டர்' என்பதைப் பொறுத்தவரை, காஞ்சிபுரத்தில் உள்ள டாக்டர்களைவிட டாக்டர் ஓட்டிய கார்கள் அதிகம் என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். இந்தச் சிக்கலுக்குக் கட்டுரையின் கடைசியில் விடை உண்டு. 'ஒரு ரூபா செலவில்லை' என்பது மட்டும் சத்தியம். ஒரு ரூபாயில் முடிகிற செலவு எதுவும் அந்தக் காரில் இல்லை.

4. புகை இயல்

புகை மூவகைப்படும். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சீல் போயிருக்கும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாக அடர்ந்து வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. ஹெட் கேஸ்கெட் போயிற்று. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தால் பால் காபி நிறத்தில் களிம்பு ஒட்டியிருக்கலாம். கருப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மூன்றில் பெரும்பாலும் செலவு குறைந்த நிறம் இதுவே. காலை முதல் ஸ்டார்ட்டில் மெல்லிசாக வந்து மறையும் வெண்புகை வெறும் ஆவி. மார்கழியில் நம் வாயிலிருந்தும் வரும். அதற்காக நம் ஹெட்டை யாரும் இறக்குவதில்லை.

ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அது வரவேற்பு அல்ல, இடைச்செருகல்.

5. மீட்டர் இயல்

என் காரின் மீட்டர் 42,000 கிலோமீட்டர் காட்டியது. அது ஐந்து இலக்க மீட்டர். 99,999-க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பிவிடும். எனவே 42,000 என்பது 1,42,000 ஆகவும் இருக்கலாம், 2,42,000 ஆகவும் இருக்கலாம். பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சியில் பெயரை மட்டும் பொறித்துவைத்த கல்வெட்டோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்தத் துயரம் புரியும். அவர்கள் எழுத்தமைதியைப் பார்த்துக் காலம் கணிப்பதுபோல, காரில் பிரேக் பெடலின் ரப்பரைப் பார்க்க வேண்டும், ஸ்டீயரிங்கின் பளபளப்பைப் பார்க்க வேண்டும், டிரைவர் சீட்டின் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். 42,000 கிலோமீட்டரில் அவ்வளவு பள்ளம் விழ வேண்டுமென்றால் ஓட்டியவர் டாக்டர் அல்லர், கோயில் யானை (டீக்கடை வாய்மொழி, மழை பெய்த செவ்வாய், கடனில் குடித்த இரண்டாவது டீ).

6. பட்டி இயல்

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை பாடி முழுக்க ஒட்டிப் பார்க்க வேண்டும். தகரத்தில் ஒட்டும், துருவை மறைக்கத் தடிமனாகப் பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. என் காரின் வலது கதவில் வைத்த காந்தம் நேராகக் காலில் விழுந்தது. பட்டுக்குப் பேர்போன ஊரில் நான் வாங்கிவந்தது பட்டி.

7. ஏனையவை

கிளட்ச்: ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டால் எஞ்சின் அணைய வேண்டும்; அணையாமல் உறுமினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

டயர்: வட்டமாக இருத்தல் நலம்.

ஏ.சி.: சன்னலைக் காண்க.

ஹார்ன்: எல்லாம் கெட்ட காரிலும் இது கெடுவதில்லை, ஏன் என்று யாரும் ஆராயவில்லை.

காகிதங்கள்: படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. மூப்புக்குத் தரும் மரியாதை என்று கொள்க.

8. ஒலி இயல்

இனித்தான் கட்டுரை தொடங்குகிறது. மேலே உள்ளவற்றைத் தாண்டிவந்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

காரின் நோய்களெல்லாம் இரட்டைக்கிளவியிலேயே பேசும். எஞ்சின் தலையில் 'டிக்டிக்' என்றால் டேப்பெட் இடைவெளி. பெல்ட் தளர்ந்தால் 'கிறீச்கிறீச்'. அடியில் 'லொடலொட' என்றால் சஸ்பென்ஷன் புஷ்ஷோ சைலன்சர் கிளாம்போ. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து 'கடகட' என்று வந்தால் கனெக்டிங் ராடு பேரிங். அந்நேரம் காரை மறந்து புரோக்கரின் விலாசத்தை நினைவில் கொள்க. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. கார் எதையும் ஓட்டிப் பார்க்காமலே அவர் இதைக் கண்டுபிடித்தது வியப்புக்குரியது.

ஆனால் என் கார் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்றது. ஒரே ஒரு 'டொக்'. அடுத்த 'டொக்'குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை.

மெக்கானிக்கிடம் போனேன். என்னோடு உட்கார்ந்து ஒரு சுற்று வந்துவிட்டு, "அப்படி ஒரு சத்தமே இல்லீங்களே சார்" என்றார். இலக்கணம் அவர் பக்கம் இருந்தது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு இரண்டு ஷாக் அப்சார்பர் மாற்றினார். 'டொக்'. புஷ் மாற்றினார். 'டொக்'. சைலன்சர் ரப்பரை மாற்றினார். 'டொக்'.

இதற்குள் ஊரில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. சத்தம் உண்டு என்போர் உளவாதிகள், நான் ஒருவன். சத்தமே இல்லை என்போர் இலவாதிகள். மெக்கானிக்கும் அவர் கடைப் பையன்களும். சத்தம் உண்டு, ஆனால் அது காரில் இல்லை, ஓட்டுபவரின் முழங்காலில் இருக்கிறது என்பது மூன்றாம் கட்சி (டீக்கடை வாய்மொழி, வெள்ளி மாலை, கரண்ட் போன பிறகு, இதற்கான மறுப்பு, அதே பெஞ்சின் மேற்குக் கால் பக்கம், மறுப்புக்கு மறுப்பு, வடை மடித்த தாளின் உட்புறம், எண்ணெய்க் கறைக்கு அப்பால் ஏடு சிதைந்துள்ளது). மூன்று கட்சியினரும் ஒருவர் கருத்தை ஒருவர் மேற்கோள் காட்டி வளர்ந்தார்கள். காரின் டிக்கியை மட்டும் எவரும் திறந்து பார்க்கவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. மூலநூலைத் திறக்காமலே அதன் காலத்தை முன்னூறு ஆண்டு முன்னும் பின்னும் தள்ளுகிற பயிற்சி நமக்கு உண்டு. இதையே ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்து, பதிவுக் கட்டணம் கட்டி, ஐ.எஸ்.பி.என். போட்ட மலரில் அச்சேற்றியிருப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் இணையத்தில் தலைகாட்டினால் அது பன்னாட்டுக் கருத்தரங்கும் ஆகியிருக்கும். கார் வழியில் நின்றதால் போய்ச் சேர முடியவில்லை.

9. முடிவு

அன்று கார் நின்ற இடம் ஒரு தறிக்காரர் வீட்டு வாசல். தள்ளிவிட வந்த பெரியவரை ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை ஓட்டி, பிரேக் பிடித்தேன். டொக்.

"இது எங்க வீட்டுச் சத்தமாச்சே தம்பி" என்றார்.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியைத் தூக்கினார். அடியில் பள்ளத்துக்குள் கிடந்தது, ஒரு பழைய மர நாடா. பட்டுத் தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற அதே நாடா. டாக்டரின் அறுவைச் சிகிச்சைக் கருவிகளில் அது இடம்பெறுவதாக எனக்குத் தெரியவில்லை.

"பிரேக் பிடிச்சா முன்னாடி ஓடி இடிக்குது. வண்டிய எடுத்தா பின்னாடி ஓடி இடிக்கும், எஞ்சின் உறுமல்ல உங்க காதுல விழாது" என்றார். "புடவை வாங்க வர்றவங்க கூடத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பாங்க. நீங்க வண்டிய மேலாகப் பார்த்தே வாங்கிட்டீங்களா?"

ஆக, இரண்டாவது 'டொக்' எப்போதும் இருந்திருக்கிறது. தொல்காப்பியர் சரி. மெக்கானிக்கின் பில்லும் சரிபார்க்கப்பட்டுவிட்டது. கட்சி கட்டிய நாங்கள் எல்லோரும் தவறு.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை மரபான முறையில் ஒருவராக நெய்ய முடியாது. நாடாவைத் தள்ளக் கரைப் பக்கம் இன்னொருவர் உட்கார வேண்டும். பெரியவர் நாடாவை உள்ளே கொண்டுபோய்த் துடைத்து, தறியில் வைத்துத் தள்ளினார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் பேத்தி திருப்பி அனுப்பினாள்.

டொக். டொக்.

இலக்கண சுத்தமாக இருந்தது.