ஆல்டர் குற்றம், பம்பர் கௌரவம்

தம்பி, முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வை. விழுந்து எழுந்த பழைய யமஹா ஆர்15 ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவிட்டாய். உடைந்த பிளாஸ்டிக்கைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டாயிற்று. குனிந்து பிடிக்கும் கிளிப்-ஆனை எடுத்துவிட்டு அகலமான ஹேண்டில்பார் மாட்டிவிட்டாய். அலறும் சைலன்சரும் பூட்டியாயிற்று. வாலை வெட்டப் போகிறாய். ‘ஸ்ட்ரீட்ஃபைட்டர்’ என்று டேங்கில் எழுதவும் போகிறாய். உன்னை வரவேற்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, 4-ஆம் உட்பிரிவு வாசலிலேயே நிற்கிறது: அனுமதியில்லாத மாற்றம் (‘ஆல்டர்’) ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹேண்டில்பாருக்கு ஒரு ஐயாயிரம். சைலன்சருக்கு ஒரு ஐயாயிரம். வாலுக்கு ஒரு ஐயாயிரம். சைலன்சர் சத்தம் போட்டால் 190(2) தனியாக வரும். அதற்குப் பத்தாயிரம் வரை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் பறிப்பு. புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் சிக்னலில் வட்டியோடு போய்விடும்.

நீ பிறந்த நாடு தப்பு தம்பி. 1980-களின் கடைசியில் இங்கிலாந்துப் பையன்கள் இதே வேலையைத்தான் செய்தார்கள். வேகமான ஜப்பான் வண்டியோடு கீழே விழுந்தார்கள், ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் உறை நொறுங்கியது, புதிது வாங்கக் காசில்லை. கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டோகிராஸ் வண்டியின் ஹேண்டில்பாரை மாட்டி, முன்னால் இரண்டு உருண்டை விளக்கைத் தொங்கவிட்டு ஓட்டினார்கள். கம்பெனிகள் எட்டிப் பார்த்தன. டிரையம்ஃப் 1994-இல் ஸ்பீட் டிரிப்பிள் என்று மொட்டை வண்டி ஒன்றை இறக்கியது, 1997-இல் அதற்கு அந்த இரட்டைக் கண்ணையும் வைத்தது. டுகாட்டி 2009-இல் அந்த வண்டிகளின் பெயரையே எடுத்துக்கொண்டு ‘ஸ்ட்ரீட்ஃபைட்டர்’ என்று விற்றது. இல்லாதவன் செய்த ஒட்டுவேலை இருப்பவன் வாங்கும் மாடலாகிவிட்டது.

நம் ஊர்க் கதை இன்னும் ருசியானது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்று கறாராகச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் யமஹா எம்டி-15-ஐ இறக்கியது. ஆர்15-இன் அதே 155 சிசி எஞ்சின், அதே டெல்டாபாக்ஸ் சட்டகம். ஃபேரிங் கிடையாது, அகல ஹேண்டில்பார் உண்டு. அப்போது விலையும் கிட்டத்தட்ட ஆர்15 விலைதான். கம்பெனி கழற்றினால் புது மாடல், நடிகர் வந்து திரை விலக்குவார். நீ கழற்றினால் ஆல்டர் கேஸ், ஏட்டய்யா வந்து சாவியைப் பிடுங்குவார். கம்பெனிக்கு ஆய்வகச் சான்று இருக்கிறது, உனக்கு இல்லை, வித்தியாசம் அதுதான். அது சின்ன வித்தியாசமும் இல்லை.

ஏனென்றால், கோபித்துக்கொள்ளாதே, நீயும் யோக்கியன் இல்லை. அகல ஹேண்டில்பார் மாட்டினாயே, எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பிப் பார்த்தாயா? பழைய ஆக்சிலரேட்டர் கேபிள் நீளம் பத்தாது. முழுக்கத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக உறுமும். தெருமுனையில் யூ-டர்ன் போடும்போது அது உறுமினால் நீ டீக்கடைக்குள் இருப்பாய். முன் பிரேக் ஹோஸும் அப்படியே. விறைத்து நிற்கும் ஹோஸ் இன்றைக்குப் பிடிக்கும், என்றைக்கு விடும் என்று சொல்லாது. ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் மாட்டுவதற்காக ஃபோர்க்கின் மேல் தட்டில் பட்டறைக்காரர் போட்ட ஓட்டையை எந்தப் பொறியாளர் பார்த்தார்? ஃபேரிங்குக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஒயரிங்கை இன்சுலேஷன் டேப் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறாய். முதல் மழைக்கு ஹெட்லைட் கண்ணை மூடும்.

இதெல்லாம் போகட்டும். சாரி கார்டை எதற்குக் கழற்றினாய்? அது வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் அம்மாவை ஒருக்களித்து உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறாய். முந்தானை காற்றில் பறக்கிறது. அரை அடி கீழே செயின் ஸ்பிராக்கெட் மூடியில்லாமல் சுற்றுகிறது. உன் ஸ்டைலுக்கு அம்மாவின் கழுத்தா விலை?

ஆக, வண்டியை யாராவது சோதிக்கத்தான் வேண்டும். ஜெர்மனியில் அதற்கு டியூவ் என்று ஓர் ஏற்பாடு. வீட்டில் வேலை பார்த்த வண்டியை அங்கே கொண்டு போனால், பொறியாளர் ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பார், ஹோஸைத் தொட்டுப் பார்ப்பார், பொருத்திய பாகத்தின் சான்றைக் கேட்பார். சரியாக இருந்தால் வண்டியின் பத்திரத்தில் ஏற்றித் தருவார்கள், சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே கேள்வி, ‘பத்திரமாக இருக்கிறதா?’ இங்கே கேள்வி, ‘மாற்றினாயா?’ இங்கே வண்டியின் நிறத்தை மாற்ற மனுப் போடலாம். ஒழுங்காக, லேத்தில் கடைந்து, புது ஹோஸ் போட்டு மாட்டிய ஹேண்டில்பாரைக் காட்டி ஒப்புதல் வாங்க சாதாரண ஆள் ஏறக்கூடிய படிக்கட்டு ஒன்று இல்லை. ஒழுங்காகச் செய்தவனுக்கும் ஓட்டை போட்டவனுக்கும் ஒரே ஐயாயிரம். சோதிக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும், படிப்பு வேண்டும். தடை போட ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்.

சரி, தடையென்றால் எல்லாருக்கும்தானே? வா, சோதனைச் சாவடியில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். உன் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி எங்கே, மட்கார்டு எங்கே என்று குடைகிற அதே நேரத்தில் வெள்ளை நிற எஸ்யூவி ஒன்று வருகிறது. முன்னால் இரும்பு பம்பர். அது மோதும்போது வாங்க வேண்டிய அதிர்ச்சியை வாங்காது, ஏர்பேக்கைக் குழப்பும், குறுக்கே வந்தவனின் எலும்பை எண்ணும் என்பதால்தான் 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. கண்ணாடியில் கறுப்புத் தாள். அதை 2012-லேயே உச்ச நீதிமன்றம் ஒட்டக்கூடாது என்றுவிட்டது. பானெட்டில் கட்சிக் கொடி. நம்பர் பிளேட்டில் எண்ணைவிடத் தலைவர் முகம் பெரிது. ஹாரன், நான்கு ஸ்வரம். 2017 மே முதல் தேதி பிரமுகர் வண்டிகளின் சிவப்பு விளக்கைக் கழற்றினார்கள்; கழற்றிய கை சும்மா இருக்குமா, அந்த இடத்தில் சைரன் வைத்துக்கொண்டது. அந்த வண்டிக்கு எத்தனை ஐயாயிரம்? கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏட்டய்யாவின் வலது கை நெற்றிக்குப் போய்விடுகிறது. இடது கையில் உன் சாவி.

ஊர்வல நாளைப் பார். நூறு வண்டி, மூன்று மூன்று பேர், தலையில் துண்டு, ஒன்றில்கூட சைலன்சர் கிடையாது. உன் 155 சிசிக்குத் தயாரிப்பு நிலையில் விதித்த வரம்பு 77 டெசிபல். ஊர்வலத்துக்கு வரம்பு, தொண்டை கிழியும் வரை. முன்னால் காவல்துறை ஜீப் வழிகாட்டிப் போகிறது. அடுத்த வாரம் அதே துறை, பறிமுதல் செய்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி, தொலைக்காட்சியைக் கூப்பிட்டுக் காட்டுகிறது. கேமரா கோணத்தில் பம்பர் ஒன்றுகூட இல்லை. ரோடு ரோலருக்கு பம்பர் மேல் ஏறும் பலம் இல்லையா, அதை ஓட்டுபவருக்கு இல்லையா?

தம்பி, நீ வண்டியைச் செய். ஆனால் புது ஹோஸ் போடு, நீளக் கேபிள் போடு, சாரி கார்டை இன்றைக்கே திருப்பி மாட்டு, ஆஸ்பத்திரி வாசலில் அலறும் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுக் கம்பெனி சைலன்சரைப் பூட்டு. செய்து முடித்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடு: என் வண்டியைச் சோதித்துப் பாருங்கள், பத்திரமாக இருந்தால் ஆர்.சி.யில் ஏற்றுங்கள், இல்லையென்றால் காரணம் எழுதித் தாருங்கள் என்று கேள். ஒருவன் கேட்டால் கோப்பில் தூங்கும். ஆயிரம் பேர் கேட்டால் கோப்பு மூச்சுத் திணறும். 182ஏ(4)-ஐயும் மனுவோடு இணைத்து அனுப்பு. அதில் ‘மோட்டார் வாகனத்தின் உரிமையாளர்’ என்றுதான் இருக்கிறது. எத்தனை சக்கரம் என்றோ, எந்தக் கொடி என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை.