பெலாச்சான் வறுக்கத் தோதான ஊர்

எங்கள் வீட்டுச் சமையலில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலைகள் மூன்று. தேங்காய் உரிப்பது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால் "சரியா இருக்கு" என்பது. பதவி உயர்வு கேட்காமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், மலேசியாவின் கிள்ளானிலிருந்து என் மனைவியின் சின்னம்மா எங்கள் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வரும்வரை.

சின்னம்மாவின் தாத்தா ரப்பர் மரம் சீவக் கப்பலேறியவர். சின்னம்மா பேசுவது தமிழ், பார்ப்பது தமிழ் சீரியல், சமைப்பது மட்டும் பாதி நாள் மலாய்க்காரர் வீட்டுச் சமையல். "ரொம்ப ஈசிலா, மாப்பிள்ளை. வீட்டுல என்ன இருக்கோ அதைப் போட வேண்டியதுதான். அளவுன்னு ஒண்ணும் கிடையாது" என்றார். காதில் தேன் பாய்ந்தது. அளவு என்று ஒன்று இருந்தால்தானே தப்பு கண்டுபிடிக்க முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது என்று அறிவித்துவிட்டேன்.

சொல்லக் கேட்டால் சுலபம்தான். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் அரைத்து, எண்ணெயைத் தாராளமாக விட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கினால் பாதிச் சமையல் முடிந்தது. அதில் புளித்தண்ணீர் ஊற்றி மீனைப் போட்டால் அசாம் பெடாஸ். நெத்திலிக் கருவாட்டைப் போட்டுச் சுண்டவிட்டால் சம்பல். பழைய சாதத்தைக் கொட்டிப் பிரட்டினால் நாசி கோரெங். மீன் இல்லையென்றால் முட்டை, முட்டையும் இல்லையென்றால் கத்தரிக்காய். அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, அந்தச் சம்பலோடு வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை வைத்தால் அதுதான் மலேசியாவே காலையில் தின்னும் நாசி லெமாக்.

"இதைத்தானே நான் தினமும் பண்றேன்?" என்றாள் மனைவி.

"அதுக்குப் பேர் வேற" என்றேன்.

சாமான் வாங்கக் கிளம்பினேன். சதுரங்கப்பட்டினம் பக்கத்து நெத்திலிக் கருவாடு வீட்டிலேயே இருந்தது. கங்குங் என்று மலாய்க்காரர்கள் கொண்டாடும் கீரை நம் வள்ளைக்கீரைதான். வாய்க்காலோரம் தானாகப் படர்ந்து கிடக்கிறது. குனிந்து பறித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா, "எருமை வாங்கியிருக்கியா தம்பி? சொல்லவே இல்லையே" என்றார்.

அசாம் பெடாஸுக்கு வேண்டிய லெங்குவாஸ் என்பது நம் பேரரத்தை. மதுராந்தகத்தில் மளிகைக்கடைக்காரர் கைகாட்டிய நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"யாருக்கு இருமல்?"

"மீனுக்கு" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதிமதுரத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மலாய்க்காரர்கள் போடுவது பச்சைக் கிழங்கு. என் கையில் இருந்தது காய்ந்த கட்டை. மிக்சி ஒரு முறை முனகிவிட்டு ஓய்ந்தது. உரலில் போட்டு இடித்தேன். பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் இது. திண்ணையிலிருந்து அம்மா, "மெதுவாடா, அடைகாக்கிற நேரம்" என்று கத்தினார்.

அடுத்தது பெலாச்சான். பொடி இறாலில் உப்புச் சேர்த்து, இடித்து, புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்த கட்டி. சின்னம்மா அதைப் பை மேல் பையாகச் சுற்றி, நகைப்பெட்டிக்கும் பக்கத்தில் வைக்காமல் தனியே கொண்டுவந்திருந்தார். பச்சையாகவே ஆளை அசத்தும் வாசனை. ஆனால் அதை வறுத்தால்தான் சம்பலுக்கு ருசியே. வறுத்தேன். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் செய்திருந்தால் மறுநாளே அவசரப் பொதுக்குழு கூடியிருக்கும். வேடந்தாங்கலில் நடந்ததைக் கேளுங்கள். சீசனில் எங்கள் ஏரி மரங்களில் கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, நத்தைகுத்தி நாரை என்று ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மரமெல்லாம் எச்சம், காற்றெல்லாம் மீன் கவிச்சி. அந்த எச்சம் கலந்த தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்பதால், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு எதிராக, 1790களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் போய்ச் சாசனமே வாங்கியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாக மூக்கைச் சுளிக்காத பரம்பரை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "இன்னிக்குக் காத்து ஏரிப் பக்கமிருந்து அடிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் இலை போட்டோம். அளவு கிடையாது என்ற உரிமையைத் தேங்காய்ப்பாலில் முழுமையாகப் பயன்படுத்தியிருந்தேன். "வெல்லம் போட மறந்துட்டீங்களாப்பா?" என்றாள் மகள். அசாம் பெடாஸைத் தொட்டுப் பார்த்த மகன், "மீன் குழம்புதான். ஆனா ஏதோ மருந்து வாசனை" என்றான். ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பி மலாய் மண்ணின் கடாரத்தையே கொண்டான். எனக்கு ஒரு சட்டி குழம்பு வசப்படவில்லை.

சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை உள்ளே எதுவும் இல்லை. அவருக்கு அரை முட்டைக்கோஸ், ராத்திரிச் சாதம், மூன்று முட்டை, ஒரு வாடிய கேரட் தெரிந்தன. என் சம்பலில் இரண்டு கரண்டி எடுத்து வாணலியில் போட்டார், கொஞ்சம் சர்க்கரை தூவினார், மீதியையும் போட்டுக் கிளறினார். எதையும் அளக்கவில்லை, ருசிகூடப் பார்க்கவில்லை. என் மகன் தட்டை வழித்துத் தின்றான். அளவு கிடையாது என்று சின்னம்மா சொன்னது அவர் கையை வைத்துக்கொண்டு சொன்னது. அந்தக் கையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பியபின் வீட்டில் இலாகா மாற்றம் நடந்தது. சனிக்கிழமை இரவு நாசி கோரெங் என் பொறுப்பு. வாரம் முழுக்க மிஞ்சியதைத் தீர்க்க இது நல்ல வழி என்று மனைவி முதலில் சம்மதித்தாள். இப்போது வாரம் முழுக்க எதையும் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொள்கிறாள்.

மழை நன்றாகப் பெய்திருந்தால் நவம்பரிலிருந்தே பறவைகள் வந்துவிடும். நீங்களும் அவசியம் வாருங்கள், அப்படியே எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை. சனிக்கிழமையாக இருந்தால் மட்டும் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.