எலும்பு சாட்சி சொல்லுமா?

கேள்வி: எல்லி கிரிஃபித்ஸ் நாவல்களில் ரூத் கேலோவே என்ற தொல்லியல் பேராசிரியை எலும்பை வைத்தே போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறாரே, நம் பக்கம் அப்படி யாரும் இல்லையா?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: உங்கள் ஊரிலேயே இருந்தார், அம்மணி! மண்வெட்டிக்குப் பதில் கையில் கத்தி, அவ்வளவுதான். போலீஸ் சர்ஜன் டாக்டர் பி. உமாதத்தன்.

1984 ஜனவரியில் மாவேலிக்கரை அருகே அம்பாசிடர் காரோடு கருகிய ஓர் உடல் கிடைத்தது. செத்தது தான்தான் என்று காட்ட, இன்சூரன்ஸ் பணத்துக்காக சுகுமார குறுப்பு என்பவர் ஆடிய நாடகம். செத்தவரோ ஆலப்புழை சாக்கோ. உமாதத்தன் கவனித்தது இதைத்தான்: உயிரோடு எரிந்தவரின் மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கும், கொன்றபின் எரித்தால் இருக்காது. நெருப்புக்கும் பொய் சொல்லத் தெரியாது!

இந்த வழக்கையும் சேர்த்து உமாதத்தன் எழுதிய மலையாள நினைவுக்குறிப்புகள், துப்பறியும் நாவலைப் போலவே விறுவிறுப்பானவை. மலையாளம் கரமனைக்காரருக்குக் கஷ்டமா என்ன? படித்துவிடுங்கள்.

ஒரே குறை: ரூத்தின் கதையில் கடைசி அத்தியாயத்துக்குள் ஆள் அகப்பட்டுவிடுவான். 2019-இல் உமாதத்தனும் காலமாகிவிட்டார். குறுப்பு மட்டும் இன்னும் அகப்படவில்லை.