மின்சார ஊரில் ஒரு லைக்கா

நெய்வேலியில் ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்போதுதான் பரணிலிருந்து கேமரா இறங்கும். "ஆன்டிக் பீஸ் மாமா, லட்சம் போகும்" என்பார் மாப்பிள்ளை. பெண் கொடுத்த இடம். மறுத்துப் பேச முடியுமா?

இறங்குவது பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் III. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்து தள்ளியது. 120 ரோலில் 12 படம் விழும். அதில் பாதியில் யாருக்கோ தலை இருக்காது. இன்னும் ஏராளமாகக் கிடைப்பதால் விற்றால் பிரியாணிச் செலவுக்குத் தேறலாம். யாஷிகா எலெக்ட்ரோ 35 தேவலை. ஆனால் அது கேட்கும் 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரியின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நெய்வேலியில் ஒரு பேட்டரிக்குத் திண்டாட்டம்!

சோவியத் உதவியோடு 1962-ல் முதல் அனல்மின் யூனிட் ஓடிய ஊர். ஆகவே "ரஷ்ய எஞ்சினியர் கொடுத்த லைக்கா" என்று யாராவது நீட்டினால் உஷார். சோவியத் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களின் தலையைச் சுரண்டி லைக்கா என்று பொறிப்பது உலகறிந்த கைவேலை. வேடிக்கை என்னவென்றால், 1934-ல் கார்கிவில் வெளிவரத் தொடங்கிய ஃபெட்டே லைக்கா II-இன் நகல்தான். நகலுக்குப் போலி!

விவரம் தெரிந்தவர் பெயரைப் பார்க்க மாட்டார். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். உள்ளே வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடினால் அவ்வளவுதான். தோல் உறைக்குள் பூட்டியே வைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விற்பவர்களோ அந்த உறைக்குத் தனி விலை சொல்கிறார்கள்.